பத்துப் பொன் புள்ளிகள்

ஒரே முகம், ஒரே சன்னல், ஒரே நிமிடத்து வெளிச்சம். கேமராவும் ஒன்றுதான். லென்ஸ் மட்டும் இரண்டு. ஒன்று கேமராவைச் செய்த கம்பெனியே செய்த ஜூம் இல்லாத 85 மி.மீ. பிரைம்; இன்னொன்று வெளிக் கம்பெனியின் 85. இரண்டுமே எஃப் 1.8. இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்து, கண்ணிமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரியுமளவு பெரிதாக்கி, எது எதனுடையது என்று கோப்பின் விவரத்தைத் திறக்காமல் சொல்லப் பார்க்கிறேன். முடியவில்லை. வேறுபாடே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கருங்கூந்தலில் வைத்த மல்லிகைச் சரத்தைக் கவனித்தால், ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் பூக்களின் விளிம்பில் இளஞ்சிவப்பும் பின்னால் இருப்பவற்றில் பச்சையும் மெல்லக் கசிகிறது. ஒன்றில் சற்றுக் கூடுதல், ஒன்றில் சற்றுக் குறைவு. மூக்குத்தி தெறிக்கும் ஒளி ஒன்றில் கொஞ்சம் கூர்மை. ஆனால் எது கூடுதல், எது குறைவு என்பதிலிருந்து எது சொந்தம், எது வெளி என்பதை ஊகிக்க வழியில்லை. குறைந்த விலைக் கண்ணாடி விலை கூடியதைப் போலவே பார்க்கிறது என்பது, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாடகைக்கு ஓர் அறை வைத்துப் படம் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு நல்ல செய்தி. எனக்கோ அது நிம்மதி தரவில்லை. தேட வேண்டிய பொருளை அது இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

லென்ஸைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது. முன்புறக் கண்ணாடியைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஊதாவும் பச்சையுமாய் மின்னும் பூச்சு, அதில் தலைகீழாய்த் தெரியும் நம் முகம். பின்புறத்தில், மவுண்ட் எனப்படும் உலோக வளையத்தின் உள்விளிம்பில், வரிசையாகப் பொன்னிறப் புள்ளிகள் இருக்கின்றன. சோனி இ மவுண்டில் பத்து, நிக்கான் இசட்டில் பதினொன்று, கேனான் ஆர்எஃப்பில் பன்னிரண்டு. மிரர்லெஸ் கேமராவில் லென்ஸும் பாடியும் இந்தப் புள்ளிகள் வழியாக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. ஃபோகஸ் எங்கே நிற்கிறது, இன்னும் எவ்வளவு நகர வேண்டும், துளை எவ்வளவு திறந்திருக்கிறது, மூலைகளில் எவ்வளவு இருட்டு, கோடுகள் எவ்வளவு வளைகின்றன என்பதெல்லாம் எண்களாகப் போய்வருகின்றன. சோனி தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011 ஏப்ரல் முதல் மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் கட்டணமில்லாமல் தரத் தொடங்கியது. இன்று அந்த மவுண்டுக்கு இத்தனை வெளி லென்ஸ்கள் இருப்பதற்கு அது பெரிய காரணம். ஆனால் தந்தது அடிப்படையைத்தான். சோனி ஆல்பா 1 சொந்த லென்ஸ் மாட்டினால் நொடிக்கு 30 படம் எடுக்கும். வெளி லென்ஸ் மாட்டினால் 15உடன் நின்றுவிடும். வீடியோவில் ஃபோகஸ் நகரும்போது சட்டகம் சுருங்கி விரிவதைச் சரிசெய்யும் வசதி சொந்த லென்ஸ்களில் சிலவற்றுக்கு மட்டும் உண்டு. 15 என்ற எண்ணைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அது கண்ணாடியின் எல்லையோ மோட்டாரின் எல்லையோ அல்ல. இதற்கு மேல் வேண்டாம் என்று ஒருவர் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு. நான் முகத்தில் தேடிய வேறுபாடு இங்கே, ஒரு முடிவின் வடிவத்தில் இருக்கிறது. படத்தில் அது எப்படித் தெரியும்?

வெளிக் கம்பெனியான சிக்மாவின் 30 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முடித்துப் படமெடுக்க வரும் பையன்கள் பலர் முதலில் வாங்க நினைக்கும் லென்ஸ்களில் ஒன்று. உள்ளங்கையில் அடங்கும், எடை 265 கிராம். 2016இல் சோனி இ மவுண்டுக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கும் வந்தது. 2022இல் ஃபியூஜி எக்ஸ் மவுண்டுக்கு வந்தது. 2023இல் நிக்கான் இசட்டுக்கு. 2024 ஏப்ரலில் கேனான் தன் ஆர்எஃப் மவுண்டைச் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும், அதுவும் சிறிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களுக்கு மட்டும், உரிமம் கொடுத்துத் திறந்தபோது அங்கேயும் அறிவிக்கப்பட்டது. உள்ளே இருக்கும் ஒன்பது கண்ணாடிகளும் அந்த எட்டு வருடத்திலும் அதே கண்ணாடிகள்தான். இடையில் மாறியதெல்லாம் அவை எந்த வாசலில் நிற்கலாம் என்ற அனுமதி. அதே கேனான் மவுண்டில் 2022இல் வேறொன்று நடந்தது: வில்ட்ராக்ஸ் என்ற வெளிக் கம்பெனி தன் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை விற்பதை நிறுத்தியது, தங்கள் காப்புரிமையை அவை மீறுகின்றன என்று கேனான் தரப்பு சொன்னது. உழைத்துக் கண்டுபிடித்தவருக்கு அதன் மேல் உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகம் வேறு. அந்த 30 மி.மீ. லென்ஸைப் பற்றி நல்லது கெட்டது பேசும்போது நாம் கண்ணாடியைப் பற்றிப் பேசுகிறோமா, அது நிற்கும் வாசலைப் பற்றிப் பேசுகிறோமா? இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டே பத்து வருடமாக இந்தத் தொழிலில் எல்லோரும் பேசி வருகிறோம் என்று தோன்றுகிறது.

நாமக்கல் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்க வேண்டாம். அங்கே நெடுங்காலம் லாரி வாங்குவதென்றால் முதலில் வெறும் சேஸிஸ்தான் வரும். எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் உள்ள எலும்புக்கூடு. டிரைவர் ஒரு பலகையில் உட்கார்ந்து, வெயிலும் காற்றும் முகத்தில் அடிக்க, அதை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வருவார். கேபினும் பாடியும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கட்டப்படும். மரம், இரும்பு, பெயின்ட், முன்நெற்றியில் குலதெய்வத்தின் பெயர். எண்ணூரிலோ ஓசூரிலோ செய்த சேஸிஸின் மேல் நாமக்கல் ஆசாரி கட்டிய கேபினை யாரும் அந்நியமாகப் பார்த்ததில்லை. நாமக்கல் பாடி என்றால் அது ஒரு மதிப்பு, வடநாட்டிலிருந்தும் தேடி வருவார்கள். லென்ஸ் செய்கிறவருக்கும் அந்த ஆசாரிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு, அதை இலேசாகத் தாண்டிவிடக் கூடாது. ஆசாரி சேஸிஸைக் கண்ணால் பார்க்கிறார், நாடா பிடித்து அளக்கிறார், எங்கே போல்ட் விழ வேண்டும் என்று தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். அவரிடமிருந்து மறைக்க அதில் ஒன்றுமில்லை. லென்ஸ்காரர் அளக்கக்கூடியது வளையத்தின் விட்டத்தையும் சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள தூரத்தையும் மட்டும். இ மவுண்டில் அது 18 மி.மீ., இசட்டில் 16, ஆர்எஃப்பில் 20. பத்துப் புள்ளிகளில் ஓடும் பேச்சை அளக்க நாடா இல்லை. அனுமதி பெற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் தெரியாத மொழியில் பேசுவதைக் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டு, எந்தச் சொல்லுக்குப் பின் எந்த அசைவு நடக்கிறது என்று குறித்து வைத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படிக் கற்றவர்களின் லென்ஸ்களும் சந்தையில் இருக்கின்றன. அவற்றின் ஃபோகஸ் சில நேரம் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தத் தயக்கத்தில் ஓர் உழைப்பு தெரிகிறது.

சினிமாவில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை என்பதும் சேலத்துக்காரனுக்கு உறைக்க வேண்டிய விஷயம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் மிச்சமிருக்கிறது. அதைக் கடந்து தினமும் ஆயிரம் வண்டிகள் போகின்றன. டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில்தான் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக உருவானது. பெல்ஜியத்தின் கேவார்ட் கம்பெனியினுடைய கேவாகலர் முறையில். அந்தக் காலத்து உலக சினிமாவில் கேமரா ஒரு நாட்டில், லென்ஸ் இன்னொரு நாட்டில், ஃபிலிம் மூன்றாவது நாட்டில் செய்யப்படுவதுதான் வழக்கம். அமெரிக்க மிட்செல் கேமராவில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக் குக் லென்ஸ் மாட்டியிருக்கும். மியூனிக்கில் செய்த ஆரிஃப்ளெக்ஸ் கேமராவில் வேறு ஊர் ஸைஸ் லென்ஸோ ஷ்னைடர் லென்ஸோ இருக்கும். ஆரிஃப்ளெக்ஸைச் செய்த ஆரி கம்பெனி 1982இல் கொண்டுவந்த பிஎல் மவுண்டில் இன்றுவரை யார் யாரோ லென்ஸ் செய்கிறார்கள், அவற்றில் எதையும் ஒளிப்பதிவாளர் யாரும் வெளி லென்ஸ் என்று சொல்வதில்லை. புகைப்படக் கேமராவிலேயேகூடத் தொடக்கம் வேறு மாதிரி இருந்திருக்கிறது. கேனான் கம்பெனியாக வளர்ந்தவர்கள் 1936இல் விற்ற முதல் கேமரா ஹன்ஸா கேனான். அதன் 50 மி.மீ. லென்ஸ் நிக்கோர், நிக்கானின் முன்னோரான நிப்பான் கொகாகு செய்து கொடுத்தது. 1950இல் லைஃப் பத்திரிகைக்காகக் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன் தன் லைக்கா கேமராவில் மாட்டியிருந்ததும் டோக்கியோவில் கண்டெடுத்த நிக்கோர் லென்ஸ்களை. ஜப்பானியக் கண்ணாடி மேல் உலகத்துக்கு நம்பிக்கை வந்ததில் அந்தப் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று சொந்த லென்ஸ் என்பதன் உச்சமாக நினைக்கப்படும் பெயரே ஒரு காலத்தில் அடுத்தவர் வாசலில் நின்ற பெயர்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் முகூர்த்த நேரத்தில் என் கை எந்த லென்ஸுக்குப் போகிறது என்பதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தம் பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலோ விடியும்போதோ இருக்கும். மண்டபத்தில் ராத்திரித் தூக்கத்தின் வாடையும் காபி வாடையும் சம்பங்கி வாடையும் கலந்திருக்கும். லைட் பிடிக்கும் பையனுக்குக் கண் சொக்கும். சடங்கை நடத்தும் அருமைக்காரர் சீர் ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்துகொண்டே வருவார். பிறகு கெட்டிமேளம் என்று குரல் எழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அட்சதை பறந்து வரும், பத்துக் கைகள் குறுக்கே நீளும், உறவுக்காரர்களின் செல்போன்கள் முன்னால் முளைக்கும். இரண்டு மீட்டர் தூரத்தில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து வைத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். மணப்பெண்ணின் கண்ணிலிருந்து காதோரம் வரைக்கும்கூடப் போதாது. பறக்கும் அரிசி மணியில் ஃபோகஸ் ஒட்டிக்கொண்டால் முகம் போய்விடும். அந்த முடிச்சு ஒரு தரம்தான் விழும். இன்னொரு முறை கட்டுங்கள் என்று கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. சட்டகத்தின் ஓரத்தில் அப்பா நிற்பார். அவர் அழுவதை மறைக்க மேலே விசிறியைப் பார்க்கும் பார்வை அரை நொடி. அந்த நேரத்தில் நான் கம்பெனி லென்ஸைத்தான் மாட்டியிருக்கிறேன். நொடிக்கு 15 படமே எனக்கு மிகை. வெளி லென்ஸின் ஃபோகஸும் மிகப் பெரும்பாலும் சரியாகவே விழுகிறது. இருந்தாலும் மாட்டுகிறேன். கூடுதலாகக் கொடுத்த பணம் எதற்கு என்று அப்போதுதான் ஓரளவு புரிகிறது. கண்ணாடிக்காகவோ கூர்மைக்காகவோ கொடுத்ததல்ல அது. ஏதாவது நடந்துவிட்டால் 'நான் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன்' என்று அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியத்துக்காகக் கொடுத்தது. படம் எடுக்கப் போகிற நான் எனக்கு வாங்கிக்கொண்ட ஒரு வாக்குறுதி.

அந்த வாக்குறுதி யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் நெஞ்சு மறுபடி கனக்கிறது. கேனான் 2012இல் இஎஃப்-எம் என்றொரு மவுண்டைக் கொண்டுவந்தது. அதற்கென்று அவர்களே செய்த பிரைம் லென்ஸ்களில் இரண்டு, 22 மி.மீ. எஃப் 2, 2018இல் வந்த 32 மி.மீ. எஃப் 1.4, இன்றும் நல்ல பெயரோடு பேசப்படுகின்றன. முழுக்க முழுக்கச் சொந்த லென்ஸ்கள். 2023க்குள் அந்த வரிசையே முடிந்துவிட்டது. அவற்றை ஆர்எஃப் கேமராவில் மாட்டவும் வழியில்லை, 18 மி.மீ. தூரத்துக்காகச் செய்த லென்ஸை 20 மி.மீ. வாசலில் நிறுத்தினால் தொலைவில் உள்ள எதுவும் தெளிவாக விழாது. நிக்கான் 1 வரிசையும் சாம்சங் என்எக்ஸ் வரிசையும் அதற்கு முன்பே போய்விட்டன. அந்த லென்ஸ்களை வாங்கியவர்களும் சொந்தம் என்று நம்பித்தான் கூடுதல் பணம் கொடுத்திருப்பார்கள். இன்னொரு பக்கம் சிக்மா தன் லென்ஸ்கள் சிலவற்றுக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு, மவுண்டையே வேறொன்றாக மாற்றித் தரும் சேவையை 2013இல் தொடங்கியது. கேமராவை மாற்றினாலும் கண்ணாடி உன்னோடு வரட்டும் என்ற அந்த எண்ணத்தில் எனக்கு ஒரு மரியாதை. சொந்தக்காரர் கைவிடலாம், வெளியாள் கூட வரலாம். ஆனாலும் இதை ஒரு விதியாக்கிவிட மனம் ஒப்பவில்லை. புதிய கேமரா வந்த மாதம் வெளி லென்ஸ் திணறுவதும், பிறகு யுஎஸ்பி கம்பியைச் செருகி அதற்குள் புது மென்பொருளை ஏற்றுவதும் நான் கூடவே இருந்து பார்த்தவை.

படத்தைப் பற்றியே ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. ஒரு லென்ஸுக்குத் தனிக் குணம் உண்டு, அது முகத்தை ஒரு விதமாகத் தொடும் என்று இந்தத் தொழிலில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். இன்று லென்ஸ் வரைபவர்கள் சில குறைகளைக் கண்ணாடியில் திருத்தாமல் மென்பொருளுக்கு விட்டுவிடுகிறார்கள். கேனானின் 2021ஆம் ஆண்டு ஆர்எஃப் 16 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் திருத்தாத கோப்பைத் திறந்தால் கோடுகள் பீப்பாய்போல் வீங்கியிருக்கும், மூலைகள் இருண்டிருக்கும். புள்ளிகள் வழியாக லென்ஸ் சொன்ன எண்களை வைத்துக் கேமரா அதை இழுத்து நீட்டி நேராக்கிய பிறகே நாம் பார்க்கிறோம். தப்பென்று சொல்ல மாட்டேன். லென்ஸ் சிறிதாகிறது, விலை குறைகிறது, தோள் வலி குறைகிறது. ஆனால் நான் ஒப்பிட்ட இரண்டு முகங்களிலும் கண்ணாடி எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போனது அதனாலும்தான். ராசிபுரத்து மண்டபம் ஒன்றில் என் சிறிய கேமராவை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், 'ஏந்தம்பி, இத்தனூண்டு கண்ணாடியில மூஞ்சி உள்ளபடியே வருமா?' என்று கேட்டார். வருமுங்க என்றேன். உள்ளபடியே என்று அவர் சொன்னதற்கு என்னிடம் இப்போது முழுப் பதில் இல்லை.

ஏற்காட்டுக்கு அவுட்டோர் படமெடுக்கப் போகும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் வெயில் பனியாகிவிடும். மேலே குளிர்ந்த பையைக் கீழே வந்து திறந்தால் லென்ஸ் மேல் ஆவி படரும். துடைக்காமல் காத்திருக்க வேண்டும். அந்தப் பனியில் மவுண்டைச் சுற்றிய மெல்லிய ரப்பர் வளையம் முக்கியமாகிறது. அதுவும் சொந்தம் வெளி என்று பிரிந்து கிடக்கவில்லை. சோனியின் 85 எஃப் 1.8இல் தூசி ஈரத் தடுப்பு உண்டு, அதே கம்பெனியின் 50 எஃப் 1.8இல் கிடையாது, சிக்மாவின் இ மவுண்ட் 56இல் உண்டு, 30இல் கிடையாது. என் பையில் இன்னொரு 50 மி.மீ. இருக்கிறது. மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்த பழைய நிக்கோர், கையால் திருகி ஃபோகஸ் செய்வது. நிக்கான் எஃப் மவுண்டின் தூரம் 46.5 மி.மீ., இ மவுண்டின் தூரம் 18. நடுவில் உள்ள 28.5 மி.மீட்டரை ஒரு வெற்றுக் குழாய் நிரப்புகிறது. உள்ளே கண்ணாடி இல்லை, மின்சாரம் இல்லை, காற்று மட்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல் அது இன்றும் வேலை செய்கிறது. புதிய பிரைம்களில் பெரும்பாலானவை, சொந்தமோ வெளியோ, மின்சாரம் வராமல் ஃபோகஸ் வளையத்தைத் திருகினால் எதையும் நகர்த்தாது. அந்தப் பொன் புள்ளிகளின் பேச்சைப் புரிந்துகொள்ளும் கடைசி கேமரா பழுதாகும் நாளில் இரண்டும் ஒரே நிலைமையில் நிற்கும். இப்போதிருக்கும் கம்பெனிகளில் ஏதாவது ஒன்று, தன் மவுண்ட் வரிசையை முடிக்கும்போதாவது, அந்த மொழியை எல்லோருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று விரும்புகிறேன். காப்புரிமைக்குக் காலவரம்பு உண்டு. இந்தப் பேச்சு வெளியில் எழுதப்படாவிட்டால் அதன் ரகசியத்துக்கு வரம்பில்லை.

எனக்கு உதவியாக வரும் பையன் சொந்தமாக முதல் பிரைம் வாங்கப்போகிறான். 'அண்ணா, கம்பெனி லென்ஸா வெளி லென்ஸான்னு நீங்களே சொல்லிப்போடுங்க' என்கிறான். 35 வாங்கு, வெளிக் கம்பெனியுடையதே போதும், ரப்பர் வளையம் இருக்கிறதா, மென்பொருள் ஏற்ற வழியிருக்கிறதா என்று மட்டும் கடையில் கேள், மிச்சப்படும் பணத்துக்கு ஒரு நல்ல லைட் வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். முகூர்த்தத்துக்கு என்னுடைய 85ஐ அவன் எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு மணி நேரம் நான் நிக்கோரை வைத்துக்கொண்டு பந்தி பக்கம் நிற்கிறேன்.